ஜெபக்கூட்டத்துக்கு வந்த கடல்

ஆகஸ்ட் 12, செவ்வாய், இரவு

இன்று ஜெபத்தின்போது நான் கண்ணை மூடவில்லை. ஐம்பத்திரண்டு வயதில் இதை எழுத வெட்கமாக இருக்கிறது.

மனைவி ஸ்டெல்லாவின் அண்ணனுக்கு, என் மச்சானுக்கு, நாளை காலை இருதய ஆபரேஷன். அதற்காக ஜெபிக்க ஆஸ்டின் டவுன் சபையார் சாயங்காலம் வீட்டுக்கு வந்தார்கள். "ஹால்ல அந்த ஒயரும் மோட்டாரும் தெரியக்கூடாது" என்று ஸ்டெல்லா முன்பே சொல்லியிருந்தாள். நான் புதிதாக வைத்த, பவளம் வளர்க்கும் கடல்நீர் மீன்தொட்டிக்குக் கீழே, அலமாரிக்குள், சம்ப் என்று ஒரு சின்னத் தொட்டி வைத்து எல்லாவற்றையும் ஒளித்தேன். பெருமையில் அதை விளிம்புவரை நிரப்பியும் வைத்தேன்.

பாதி ஜெபத்தில் கரண்ட் போனது. தண்ணீரைத் திருப்பி மேலே ஏற்றும் மோட்டார் நின்றதும் மேல்தொட்டித் தண்ணீர் குழாய்வழி கீழே இறங்கியது. சம்பில் இடமில்லை. அலமாரிக் கதவடியில் வழிந்து, முழங்காலிட்டிருந்தவர்களை நோக்கி வந்தது. பார்த்துக்கொண்டே இருந்தேன். வாயைத் திறந்தால் கண்ணைத் திறந்திருந்தது தெரிந்துவிடுமே!

"ஸ்தோத்திரம்! பிரதர், என்ன இது?" என்று பாஸ்டர் துள்ளி எழுந்தார். எல்லோரும் எழுந்தார்கள். ஸ்டெல்லா மட்டும் நனைந்த சேலையோடு ஆமென்வரை முடித்தாள்.

தரையைத் துடைக்கும்போது கேட்டேன்: "நீயும் எழுந்திருக்கக் கூடாதா?"

"எங்கண்ணன் உயிரைக் கேட்டுட்டு இருந்தேன். உங்க தண்ணிக்கு எழுந்திருப்பேனா?"

முதல் மீனைத் தானே வாங்கித் தருவதாக மச்சான் சொல்லியிருக்கிறார். தொட்டியில் இன்னும் ஒரு மீன்கூட இல்லை.