சாப்பாட்டு மேஜையில் செய்த வியாதி

திருவொற்றியூர்,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள மகிமாவுக்கு,

நான் சௌகரியமாக இருக்கிறேன். பிரஷர் மாத்திரையைத் தவறவிடவில்லை. நீயும் மகளும் பிள்ளைகளும் நலமாக இருக்க ஆண்டவர் துணை செய்யட்டும். பக்கத்து வீட்டு ஹுமாயூனின் தம்பி காலித் நாளை மஸ்கட் திரும்புகிறான். இதை அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நீ "அப்புறம்?" என்று கேட்டதும் "ஒன்றுமில்லை" என்று வைத்துவிடுகிறேன்.

தொழிற்சாலைக்காரர்கள் போன வாரம் வீட்டுக்கொரு வாசனைத் தெளிப்பான் கொடுத்தார்கள். லாவெண்டராம். ராத்திரி அழுகிய முட்டை நாற்றம் வந்ததும் தெருவில் எல்லோரும் அதை அடிக்கிறார்கள். இரண்டும் கலந்து தொண்டையில் இறங்கும்போது வரும் குமட்டலை எழுதிக் காட்ட முடியாது. எதிர் வீட்டு ஜெரினா, "முன்னாடி நாத்தம் மட்டும்தான் சார் இருந்துச்சு. இப்ப நாத்தத்துக்குப் பவுடர் போட்டு அனுப்புறானுங்க. கலீஜா கீது" என்றாள். நம் வீட்டு ஜன்னல்களை நீ இருந்தபோது போலவே சாத்தி, கீழே ஈரத்துண்டு வைத்திருக்கிறேன்.

இப்போது பெனிட்டோ விஷயம். அவன் விளம்பர நிறுவனம் அந்தத் தொழிற்சாலைக்குத்தான் வேலை செய்கிறது என்பது உனக்குத் தெரியும். போன மாதம் ஒரு கிலோ இனிப்போடு வந்தான். "அப்பா, காரணமே இல்லாமல் வாசனை வருவதாக நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அதற்கு மருத்துவப் பெயர் மாதிரி ஒரு இங்கிலீஷ் வார்த்தை வேண்டும். குருமடத்தில் படித்த கிரேக்கம் உங்களுக்கு மறக்கவில்லையே?" என்றான். என்னிடம் யாராவது கிரேக்கம் கேட்டு எத்தனை வருஷமாயிற்று! எதற்கென்று கேட்கத் தோன்றவில்லை.

எப்போதும் போல முறையாகச் செய்தேன். வேர்களைத் தனித்தனிச் சீட்டில் எழுதிச் சாப்பாட்டு மேஜையில் பரப்பினேன். ஒஸ்மே என்றால் வாசனை. பிளாசிஸ் என்றால் ஒன்றை உருட்டி உருவாக்குவது. இரண்டுக்கும் நடுவே ஓர் 'ஓ' வைத்தால் கோந்து போலப் பிடித்துக்கொள்ளும். இங்கிலீஷில் ஆஸ்மோபிளேசியா. இல்லாத வாசனையைத் தானே உண்டாக்கிக்கொள்வது. பிழையில்லாத சொல். உரக்கச் சொல்லிப் பார்த்தேன். சந்தோஷமாகக்கூட இருந்தது, மகிமா.

போன ஞாயிறு விம்கோ நகரில் தொழிற்சாலைக்காரர்கள் இலவச மருத்துவ முகாம் நடத்தினார்கள். கண் எரிச்சலுக்காகப் போன ஜெரினா, கையில் ஒரு சீட்டோடு நேராக நம் வீட்டுக்கு வந்தாள். "சார், நீங்க காலேஜ்ல இங்கிலீஷ் நடத்துனவரு. இது இன்னா வியாதின்னு பாருங்க. டாக்டரு ஒண்ணும் சொல்லாம தூக்க மாத்திரை குடுத்துட்டாரு. பேரே இவ்ளோ நீட்டா கீது, நான் பொழைப்பனா?" என்று கேட்டாள். சீட்டில் என் சொல்.

பயப்படும்படி ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பினேன். உள்ளே போய்ச் சோப்புப் போட்டுக் கை கழுவினேன். மறுபடியும் கழுவினேன். மிச்சமிருந்த இனிப்பைக் குப்பையில் கொட்டினேன்.

அன்று சாயங்காலமே பெனிட்டோவை வீட்டுக்குக் கூப்பிட்டுக் கேட்டேன். அவன் கூச்சப்படவில்லை. "எல்லா வியாதிக்கும் யாரோ ஒருத்தர்தானேப்பா பேர் வச்சிருக்காங்க" என்றான். வெள்ளிக்கிழமை ஆலை விரிவாக்கத்துக்கான கருத்துக்கேட்புக் கூட்டம். அதில் வாசிக்கப்போகும் அறிக்கையையும் பெருமையாகக் காட்டினான். அதில் முதல் உதாரணம் திருவொற்றியூரில் வசித்த வயதான பெண்மணி ஒருவர். ராத்திரி முழுக்க இருமல், மாடிக்குப் போனால் வாந்தி. வெளிநாட்டில் மகள் வீட்டுக்குப் போய் மனம் நிம்மதியானதும் பூரண குணம்.

நான் நிமிர்ந்து பார்த்தேன். "அம்மா பேரைப் போடலையேப்பா" என்றான்.

உன்னை அனுப்பியபோது மகளுக்குத் துணைக்கு என்றுதான் எல்லோரிடமும் சொன்னோம். நீ தலையணையை வாயில் அழுத்திக்கொண்டு இருமியது எனக்குத் தெரியும். நான் தூங்குவதுபோலப் படுத்திருந்தேன் என்பது உனக்கும் தெரிந்திருக்கும்.

சந்தேகப்படுவது என் சுபாவம். மகன் சொல்வது சரியாக இருக்குமோ, என் மூக்குத்தான் பொய் சொல்கிறதோ என்றுகூட யோசித்தேன். ஈரத்துண்டை எடுத்து ஜன்னலைத் திறந்தேன். உடனே சாத்த வேண்டியதாயிற்று. அந்த நாற்றத்தைவிட என் சொல்தான் எனக்கு அதிகம் குமட்டுகிறது. காற்றையாவது வேறு யாரோ கெடுத்தார்கள் என்று சொல்லலாம். இது நான் உட்கார்ந்து, அளந்து, ஒட்டிச் செய்தது.

வெள்ளிக்கிழமை அந்தக் கூட்டத்தில் எழுந்து நிற்பேன். இந்த வரியை எழுதி, அடித்துவிட்டு, மறுபடி எழுதுகிறேன். வகுப்பறைக்கு வெளியே நான் மைக்கில் பேசியதில்லை. இப்படி ஒரு வியாதி கிடையாது, சொல்லைச் செய்தவன் நான் என்று சொல்ல வேண்டும். அது போதாது. அந்தப் பெண்மணி என் மனைவி, அவள் இருமலை நான் கேட்டேன் என்றும் சொல்ல வேண்டும். சொன்னால் பெனிட்டோவின் வேலை போகலாம். அவன் என்னோடு பேசாமல் இருக்கலாம். உன் இருமலை ஊர் முன்னால் வைக்க உன்னைக் கேட்காமல் எனக்கு உரிமையில்லை. அவன் கேட்கவில்லை, நான் கேட்கிறேன். வியாழக்கிழமைக்குள் போன் செய்து 'சரி' என்றோ 'வேண்டாம்' என்றோ ஒரு வார்த்தை சொல். எதுவானாலும் அதன்படி நடப்பேன். அவனைத் திட்டாதே. அவனுக்கு அந்தச் சொல்லைக் கொடுத்தது நான்தான்.

எப்போது திரும்பி வரட்டும் என்று கேட்டிருந்தாய். வா என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது வேண்டாம். அன்னை மரியாள் உன்னைக் காக்கட்டும். அங்கே ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்கு.

என்றும் உன்,
இஞ்ஞாசி