"பட்டதாரி இல்லம்" பலகை

அப்பா,

தச்சர் காலையிலேயே வந்துவிடுவார். வெளிச்சுவரில் உளுத்துப்போன பலகைகளைக் கழற்றிவிட்டுப் புதிதாக அடிக்கப் போகிறார். போன தடவை மாதிரி, "வீட்டுல யாரும் இல்லப்பா"ன்னு உள்ளேயிருந்து குரல் கொடுக்காதே.

அவற்றோடு "பட்டதாரி இல்லம்" என்று நீ எழுதிவைத்த சுவர்ப்பலகையும் போகிறது. நேற்று ராத்திரி நீ கத்தினாய், நானும் கத்தினேன், போதும். வருஷா வருஷம் அதன் முன்பக்கத்துக்கு மட்டும் பெயின்ட் அடித்தாய். பின்பக்கம் பஞ்சாகிவிட்டது. மழை பெய்தால் பட்டதாரி நன்றாகத் தூங்குகிறாள், உன் கட்டில்தான் நனைகிறது. தெருவில் போகிறவனுக்கு என் படிப்பைக் காட்ட நீ இருமிச் சாக வேண்டாம்.

ஏணியைத் தேடாதே. பக்கத்து வீட்டு அக்காவிடம் இருக்கிறது. தச்சர் கேட்டால் தருவார், நீ கேட்டால் தரமாட்டார். அக்காவிடம் சொல்லியாகிவிட்டது.

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன், தச்சருக்கும் சேர்த்து. கீழேயிருந்து மேலாகத்தான் அடிப்பார். மேல்பலகை கீழ்ப்பலகைமேல் ஏறி நின்றால்தான் தண்ணீர் வெளியே வழியும். பக்கத்தில் நின்று அவருக்கு வேலை சொல்லித்தராதே.

புதுப் பலகையில் ஒரு எழுத்துகூட எழுதக்கூடாது.

பி.கு: வாசல் சாவி வழக்கமான இடத்தில்.

இன்னொன்று: எழுத்து இருக்கும் துண்டை மட்டும் அறுத்துத் தரத் தச்சரிடம் சொல்லியிருக்கிறேன். பின்பக்கத்தைச் செதுக்கிவிட்டால் முன்பக்கம் தேறிவிடும் என்றார். உன் கட்டிலுக்கு மேலே மாட்டிக்கொள். அங்கே இனி நனையாது.