திருக்கையா, பச்சோந்தியா

மார்ச் 4
எங்கள் வளர்ப்புப் பிராணிக் கடை முகப்பில் இருந்த பெரிய மீன் தொட்டி கசிந்துவிட்டது. இடம் காலி. அங்கே ஆற்றுத் திருக்கை மீன் வைக்கலாம் என்றேன் – தட்டு மாதிரி வட்டம், கறுப்பில் வெள்ளைப் புள்ளி. தெருவில் போகிறவன் நின்றே தீருவான். கடையில் பாதிப் பங்குக்காரி என் தங்கை. அவள் பச்சோந்தி என்கிறாள்.

"பதினோரு வருஷமா நீ சொன்னதுதாண்ணே நடக்குது. இதுலயும் அப்படித்தான்னா நான் தனியா கடை போட்டுக்கறேன்."

சும்மா மிரட்டுகிறாள். மிரட்டல்தானே?

மார்ச் 6
இரண்டும் வந்தாயிற்று. ஒரு மாதம் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும். எதன்முன் அதிகம் ஆள் நிற்கிறதோ அதற்கே முகப்பு.

மார்ச் 9
திருக்கை மணலில் புதைந்து கிடக்கிறது. கண் இரண்டு மட்டும் வெளியே. வந்தவர் ஒருவர், "இந்தக் காலித் தொட்டி என்ன விலைங்க?" என்றார். தங்கை சிரித்த சிரிப்பு இருக்கிறதே!

பச்சோந்தி ஒரு கண்ணால் வாசலையும் மறு கண்ணால் என்னையும் பார்க்கிறது. வியாபாரத்துக்கு ஏற்ற கண்.

மார்ச் 14
திருக்கை பழகிவிட்டது. என் கையில் இறாலைக் கண்டால் கண்ணாடியில் ஏறி ஆட்டம் போடுகிறது. வால் முள்ளில் விஷம், அது ஒன்றுதான் கவனம். கூட்டம் என் பக்கம்!

"நிறம் மாத்துறவனை எவன் நம்புவான்?" என்று சீண்டினேன்.

"அது ஆளைப் பாத்து மாத்தலண்ணே. கோவமோ பயமோ, உள்ள இருக்கறது வெளிய தெரியுது. மண்ணுக்குள்ள ஒளியறது உன் ஆளுதான்."

மார்ச் 18
தனிக்கடைக்கு இடம் பார்க்கத் தங்கை வெளியூர் போய்விட்டாள். நிஜமாகவே.

பச்சோந்திக்குக் கிண்ணம் நிறையத் தண்ணீர் வைத்தேன்.

மார்ச் 22
கிண்ணம் அப்படியே இருக்கிறது. பச்சோந்தி கறுத்துப்போய்க் கண் குழிந்து கிடக்கிறது. ஐயோ, கொன்னுட்டேனா? போன் போட்டேன்.

"கிண்ணத்துலயா வச்சே? அசையாத தண்ணிய அது சீந்தாதுண்ணே. இலைமேல தெளி, சொட்டுச் சொட்டா நக்கும்."

"முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"ரெண்டு தரம் சொன்னேன். நீ இறால் நறுக்கிட்டிருந்தே."

நாள் முழுக்கத் தெளித்தேன். சாயங்காலம் நாக்கு நீண்டது.

மார்ச் 24
பச்சை!

ஏப்ரல் 6
அதிகம் பேர் நின்றது திருக்கையின் முன்தான். சந்தேகமே இல்லை. ஆனாலும் பச்சோந்திக் கூண்டை முகப்பில் நானே தூக்கி வைத்தேன்.

ஊரிலிருந்து திரும்பியிருந்த தங்கை அதைப் பார்த்தாள். பிறகு என் எதிரிலேயே போனை எடுத்து, பார்த்து வைத்த இடம் வேண்டாம் என்றாள். தெளிப்பானை என்னிடம் நீட்டினாள்.

"காலைல ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம். காதுல விழுந்துச்சா?"

விழுந்தது.