அணையாத கட்டை

அன்புள்ள அம்மாவுக்கு, துபாயிலிருந்து மகன் கிருஷ்ணராஜ் வணக்கத்துடன் எழுதுவது. முழங்கால் வலி குறைந்ததா? நம் றக்வானைத் தோட்டத்தில் மழை எப்படி?

இங்கே கடைகளுக்குப் போடும் கூரைத் தகடு தீயைத் தாங்குமா என்று, எரியும் கட்டையை அதன்மேல் வைத்துச் சோதிக்கிறோம். கட்டை அணைந்தால் மோசமான தகடும் தப்பிவிடும். நேற்று இருமுறை அணைந்தது. மூன்றாம் முறை, நீங்கள் ஈர விறகைப் பக்கம் பக்கமாகத் திருப்பித் தீப்பிடிக்க வைப்பதுபோல் நான் மூட்டினேன். முதல்தரம் என்று வந்த தகடு உருகி ஒழுகியது.

"யாருகிட்டப்பா படிச்ச?" என்றார் மதுரைக்கார சூப்பர்வைசர்.

"எங்கம்மாகிட்டங்க சேர்" என்றேன்.

கை முடி மட்டும் கருகியது, பயப்பட வேண்டாம். ஓப்பநாயக்க ஊர் மாமாவின் மகன் இங்கே வரும்போது, சாயத்தண்ணி போட்டுக் குடிக்கத் தோட்டத்துத் தேயிலைத்தூள் கொடுத்தனுப்புங்கள். வேன் வந்துவிட்டது. தினமும் நெருப்பு மூட்டுகிறேன், அம்மா; ஒருநாளும் அதில் சாயத்தண்ணி கொதித்ததில்லை.