சில்லுக்கு ஒரு பூட்டு

அன்புள்ள மச்சான்,

உங்கள் கபுறுக் குழி விசாலமாக இருக்கட்டும். இந்த உலகத்தில் இருந்தபோது அந்தப் பழைய ஜீப்பில் முழங்கால் வயிற்றில் இடிக்க இடிக்க மடங்கியே இருந்தீர்கள். அங்கேயாவது காலை நீட்டிப் படுங்கள்.

பெண்சாதி புருசனுக்கு எழுதுவதை ஊரும் படிக்கட்டும் என்றுதான் பத்திரிகைக்குக் கொடுக்கிறேன். நிந்தவூரில் கொஞ்சக் காலமாக என்னையும் ஜீப்பையும் பற்றிக் கதைக்காத வாய் இல்லை. கதைத்தவர்களுக்கெல்லாம் தனித்தனியாகப் பதில் சொல்ல எனக்கு நேரமில்லை. வயலில் களை நிற்கிறது.

முதலில் செய்தியைச் சொல்கிறேன். உங்கள் ஜீப்பை விற்றுவிட்டேன். கோபிப்பதென்றால் முழுதும் கேட்டுவிட்டுக் கோபியுங்கள்.

உங்களுக்குத் தெரிந்ததைத்தான் சொல்கிறேன், படிக்கிற மற்றவர்களுக்காக. மாவடிப்பள்ளிக்கு அப்பால் நம் வயலில் நின்றபோது உங்களுக்கு நெஞ்சு நொந்தது. ஜீப் பக்கத்திலேயே நின்றது. முதல்நாள் மழையில் என்ஜின் நனைந்திருந்தது. என் தம்பி நவாஸ் கை விட்டுப்போகுமட்டும் ஹேண்டிலைச் சுற்றினான். அது இருமியதே தவிர எழும்பவில்லை. கடைசியில் உழவு மெசினின் இழுவைப் பெட்டியில் வைக்கோலைப் போட்டு உங்களைக் கிடத்திக் கொண்டுவந்தார்கள். காரைதீவுச் சந்திக்கு வருமுன்னே நீங்கள் போய்விட்டீர்கள்.

அது ஸ்டார்ட் ஆகியிருந்தால்? இதை நான் யாரிடம் கேட்பது, மச்சான்?

அல்லாஹ்வின் ஏற்பாடு என்று வந்தவர்கள் ஆறுதல் சொன்னார்கள். ஓம், ஏற்பாடுதான். ஆனால் ஸ்டார்ட் ஆகாத ஜீப்பை மாற்றக்கூடாது என்று நான் எந்தக் கிதாபிலும் ஓதவில்லை.

உங்களை இழந்து, திரைக்குள் ஒதுங்கி நான் இத்தாவில் இருக்கும்போதே உங்கள் உடன்பிறந்த மூத்தவர், காக்கா, வந்து திரைக்கு வெளியே நின்றார். "புள்ள, தம்பிட ஜீப்ப நான் எடுக்கன். நல்ல இரும்பு. ஆம்பிளை இல்லாத ஊட்டுல ஜீப் என்னத்துக்கு?" என்றார். "இத்தா முடியட்டும். ஜீப் எங்கயும் ஓடிராது. ஓடுற ஜீப்பா இருந்தா நான் ஏன் இப்ப இத்தாவில இரிக்கன்?" என்றேன். வெளியே செருப்புச் சத்தம் தூரமாய்ப் போனது.

பழசைப் பற்றி அநியாயமாகச் சொல்லமாட்டேன். எழுபத்தெட்டுச் சூறாவளியில் தென்னை மரமெல்லாம் றோட்டுக்குக் குறுக்கே கிடந்தபோது, அரிசி மூட்டையோடு அவற்றின் மேலால் ஏறி இறங்கிப் போனது அதுதான். பெற்றோல் தாங்கி ஒழுகினால் சவர்க்காரத்தைப் பிசைந்து அப்புவீர்கள். என்ஜினில் பெல்ட் அறுந்த அன்று என் சாரித் தலைப்பைக் கிழித்து முறுக்கிக் கட்டினீர்கள். அது புதுச் சாரி. நான் இன்னும் மறக்கவில்லை.

ஆனால் அதற்குள் இருந்தவர்கள் பட்ட பாடு? இருக்கை என்ற பேரில் ஒரு தகரம். மேலே கிழிந்த கன்வஸ். வெயிலுக்கு வெயில், மழைக்கு மழை, புழுதிக்குப் புழுதி எல்லாம் உள்ளேயே வரும். வட்டைப் பாதையில், வயல்வெளிக்குள், ஒரு தடவை போய்வந்தால் பிறகு இரண்டு நாளைக்கு என் இடுப்பு என் சொல் கேட்காது. பிள்ளைத்தாய்ச்சிகளை ஏற்றினால், "கல்முனை ஆஸ்பத்திரி தேவல்ல, காரைதீவு தாண்டமுன்ன ஜீப்பே பெறவெச்சிரும்" என்று நீங்களே சொல்லிச் சிரிப்பீர்கள். அந்தப் பெண்கள் சிரித்ததை நான் காணவில்லை. பழுதானால் கையாலேயே திருத்தலாம் என்பது உங்கள் பெருமை. பழுதாகாமல் இருப்பதல்லவா வாகனத்துக்குப் பெருமை?

இத்தா முடிந்தது. பழசைக் கொடுத்து, மேலே எவ்வளவு காசு போட்டேன் என்பதை உங்களுக்கும் சொல்லமாட்டேன், ஒரு ஜப்பான் ஜீப்பை எடுத்தேன். அங்கே ஓடிக் களைத்து வந்ததுதான். ஆனாலும் திறப்பைத் திருகினால் முதல் தடவையிலேயே ஸ்டார்ட். கண்ணாடிக் கதவு, மெத்தைச் சீற்று. பள்ளத்தில் விழுந்தால் விழுந்தது தெரியும், அவ்வளவுதான். முன்பு போலப் பல்லைக் கடித்துக்கொள்ளத் தேவையில்லை. சூடான காற்று ஊதுவதற்கும் அதில் ஒரு வசதி இருக்கிறது. நிந்தவூரில் சூட்டுக்கு என்ன பஞ்சம்? அதையும் வீணாக்காமல் மாரியில் நவாஸின் சாரனைக் காயவைக்கிறோம்.

உங்கள் காக்கா வந்து சீற்றை அமுக்கிப் பார்த்தார். "இது வட்டைக்குப் போற வண்டியா புள்ள, கலியாணக் கட்டிலா?" என்றார். சுற்றி வந்து கதவில் தட்டினார். "தகரம். ஒரு மாரி தாங்கினா நான் மீசைய வழிக்கன்."

முன்பக்கச் சக்கரச் சில்லு இரண்டின் நடுவிலும் கையால் திருப்புகிற ஒரு வட்டம் இருந்தது. அதில் இங்கிலீஷில் ஒரு பக்கம் 'லொக்' என்றும் மறுபக்கம் 'ஃப்ரீ' என்றும் எழுதியிருந்தது. நம் பழசில் அப்படி ஒன்று இல்லை. காக்கா குனிந்து பார்த்துவிட்டு, "சில்லுக்கும் பூட்டுப் போட்டிரிக்கானுகள். ஜப்பான்ல களவு கூடவாக்கும்" என்றார்.

எங்கள் எல்லோருக்கும் அது சரியாகவே பட்டது. மஃரிபுக்குப் பிறகு நவாஸ் இரண்டு சில்லையும் பூட்டுவான். காலையில் திறந்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பான். ஒரு நாள் அவன் மறந்துபோக, நானே போய்ப் பூட்டிவிட்டு வந்து நிம்மதியாகப் படுத்தேன். சிரிக்கிறீர்களா? கோழிக்கூட்டுக்கே இரண்டு பூட்டுப் போட்ட ஆள் நீங்கள். இருந்திருந்தால் முதலில் நீங்கள்தான் பூட்டியிருப்பீர்கள்.

இனி இந்த மாரியில் நடந்ததைக் கேளுங்கள்.

ளுஹர் தொழுதுவிட்டு எழும்புகிறேன், சொறிக்கல்முனைச் சவிரி அண்ணன் சைக்கிளை வாசலில் போட்டுவிட்டு ஓடிவந்தார். உங்களோடு வயல் செய்த அதே சவிரி அண்ணன்தான். இப்போது காக்காவோடு செய்கிறார், அவரைப் பெரியவர் என்பார்.

"தங்கச்சி, பெரியவரப் பாம்பு கடிச்சிற்று. வாடியில கிடத்திற்று வாறன். கால் வீங்குது."

"உழவு மெசின் எங்க?"

"அது சேத்துக்குள்ள தாண்டு நிக்குது. ஜீப்ப எடுங்க."

நவாஸ் ஸ்டார்ட் செய்தான். சவிரி அண்ணன் பின்னால் ஏற, நான் முன்னால் ஏறினேன். "ராத்தா, நீங்க எதுக்கு? பாதையெல்லாம் வெள்ளம்" என்றான் நவாஸ். "ஓட்டுடா" என்றேன். ஒரு தடவை அந்த வாசலில் நின்று காத்திருந்தவள் நான். இன்னொரு தடவை நிற்க என்னால் ஏலாது.

போகும்போது வெள்ளத்தை வேகத்திலேயே பாய்ந்து தப்பிவிட்டோம். வயல் வாடிக் குடிசைக்குள் காக்கா காலில் சாரன் துண்டைக் கட்டிக்கொண்டு கிடந்தார். முகம் வெளுத்துப்போயிருந்தது. கலிமாவைத் திரும்பத் திரும்ப ஓதிக்கொண்டிருந்தார். தூக்கிப் பின்சீற்றில் கிடத்தினோம். தலையைச் சவிரி அண்ணன் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

திரும்பும்போது வாய்க்காலைக் கடக்கிற அந்த மருதமரத்தடியில் பின் சில்லு இரண்டும் புதைந்தன. உங்களை வைத்துக்கொண்டு பழைய ஜீப் எழும்பாமல் நின்றதும் அதே மரத்தடியில்தான்.

நாலு சில்லும் இழுப்பதற்கான சின்னக் கியரை நவாஸ் போட்டான். என்ஜின் கத்தியது, பின்னால் சேறு பறந்தது, ஜீப் இன்னும் ஒரு முழம் இறங்கியது. மறுபடியும் போட்டான். அதே கதைதான்.

"நான் செல்லல்லையா, தகரமெண்டு" என்றார் காக்கா, கண்ணை மூடியபடி. உயிர் போகிற நேரத்திலும் அந்தக் குடும்பத்து வாய் போகாது.

நான் இறங்கினேன். தண்ணீர் முழங்கால் மட்டும் நின்றது. "இன்னொருக்காப் போடுடா" என்றேன். போட்டான். பின் சில்லுகள் பேய் பிடித்தமாதிரிச் சுற்றின. முன் சில்லுகள் அசையவே இல்லை.

"நவாஸ், முன் சில்லு சுத்தல்ல!"

"கியர் விழுந்திரிக்கு ராத்தா! என்னெண்டு சுத்தாம இரிக்கும்?"

அப்போதுதான் மச்சான், உங்கள் குரல் எனக்குக் கேட்டது. வண்டில் சேற்றில் புதைந்தால் முன்னால் இன்னொரு சோடி மாட்டைக் கொண்டுவந்து பூட்டி இழுப்பார்கள் அல்லவா? பழசில் இதே சின்னக் கியரைப் போடும் ஒவ்வொரு தடவையும் நீங்கள் என் பக்கம் திரும்பி, "முன்சோடியையும் பூட்டியாச்சு புள்ள, புடிச்சிக்க" என்பீர்கள். நான் கம்பியைப் பிடித்துக்கொள்வேன்.

கதவைப் பூட்டுவதும் பூட்டுவதுதான். மாட்டைப் பூட்டுவதும் பூட்டுவதுதான். கதவைப் பூட்டினால் எல்லாம் நிற்கும். மாட்டைப் பூட்டினால்தான் எதுவும் நகரும். ஜப்பான்காரன் சில்லில் எழுதி வைத்தது இதில் எதை? நாங்கள் ஒவ்வொரு காலையும் முன்சோடியை அவிழ்த்துவிட்டல்லவா வட்டைக்கு வந்திருக்கிறோம்!

நான் முன் சில்லைக் குனிந்து பிடித்ததும் நவாஸ் தலையை வெளியே நீட்டிக் கத்தினான். "ராத்தா, பூட்டாதீங்க! சில்லு இறுகிரும்!"

"மாடு பூட்டாம வண்டில் போகுமாடா?" என்றேன்.

வட்டம் சேற்றில் வழுக்கியது. முந்தானையைச் சுற்றிப் பிடித்து, பிஸ்மில்லாஹ் சொல்லித் திருப்பினேன். மறுபக்கம் போய் மற்றதையும் திருப்பினேன். "இப்பப் போடு" என்றேன்.

முன் சில்லுகள் மெல்லச் சுற்றின. கத்தலும் இல்லை, துள்ளலும் இல்லை. ஜீப் என்னைத் தாண்டி ஏறி மேட்டில் போய் நின்றது. நான் மருதமரத்தடியில் சேற்றோடு நின்று ஒரு மூச்சு அழுதுவிட்டு ஓடிப்போய் ஏறினேன்.

காரைதீவுச் சந்தியைத் தாண்டினோம். தாண்டும்போது நான் திரும்பிப் பார்த்தேன். காக்காவுக்கு மூச்சு இருந்தது. கண்ணைத் திறந்து, "சீற்று கொஞ்சம் மெத்தையாத்தான் இரிக்கி" என்றார்.

கல்முனை ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றினார்கள். பிழைத்துவிட்டார், அல்ஹம்துலில்லாஹ். வீட்டுக்கு வந்த பிறகு பார்க்கப் போனேன். வீராப்பாக ஏதோ சொல்லத் தொடங்கியவர் பாதியில் நிறுத்தினார். "தம்பி இதுல வந்திரிக்கணும் புள்ள" என்றார். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். அன்றைக்கு எங்களுக்கு நடுவில் திரை இல்லை.

மீசையை இன்னும் வழிக்கவில்லை. கேட்டால், "மாரி முடியல்லையே" என்கிறார்.

புது ஜீப்பும் ஒரு நாளைக்குப் பழசாகும். அதற்கும் நோய் வரும். அப்போது அதையும் மாற்றுவேன். இரும்பின் மேல் எனக்கு ஆசை இல்லை. வட்டைக்குள் கிடக்கிற ஆள் கல்முனைக்கு உயிரோடு போய்ச் சேரவேண்டும், எனக்கு அவ்வளவுதான்.

இன்னொரு செய்தி. நவாஸுக்கு சவூதிக்கு விசா வந்துவிட்டது. இனியாவது ஜீப்பை விற்பாள் என்று ஊர் பார்த்துக்கொண்டிருக்கிறது. பார்க்கட்டும். சுபஹுக்குப் பிறகு கடற்கரைப் பக்கம் நான் ஓட்டப் பழகுகிறேன். முதல் நாள் ஒரு தோணியை இடிக்கப் போனேன். இப்போது தோணிக்காரர்கள் என்னைக் கண்டதும் விலகுவதில்லை. பொம்பிளை ஜீப் ஓட்டுவதா என்று கேட்டவர்களிடம், பாம்பு ஆம்பிளையா பொம்பிளையா பார்த்தா கடிக்கிறது என்று திருப்பிக் கேட்டேன்.

இது நான் உங்களுக்குத் தருகிற வாக்கு. நெஞ்சு நொந்தவரோ, பாம்பு தீண்டியவரோ, வயிறு நொந்தவளோ, இனி நம் வட்டையிலிருந்து ஒருவரும் வைக்கோலின் மேல் கிடந்து வரமாட்டார்கள். மருதமரத்தடிக்கு வரும்போது நானே இறங்கி இரண்டு சில்லையும் திருப்புவேன். பிறகு ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, உங்களுக்குக் கேட்கும்படி சத்தமாகவே சொல்வேன்: முன்சோடியையும் பூட்டியாச்சு மச்சான், புடிச்சிக்கங்க.

உங்களோடு பூட்டியது இன்னும் அவிழாத
உங்கள் பெண்சாதி,
சுபைதா
நிந்தவூர்