பெங்களூரில் போட்ட களம்

பெங்களூர்
28-12-86

என் அருமை அண்ணி வேளாங்கண்ணிக்கு,

ரோசம்மா எழுதுவது. நலம். நீங்கள், அண்ணன், மாடு கன்று எல்லாரும் நலம்தானே?

அண்ணி, உட்கார்ந்து படியுங்கள். எனக்குக் கண்காட்சி வைக்கிறார்கள்! நான் ஒருத்தி செய்தது மட்டும், பெரிய கேலரியில், ஜனவரி பத்தாம் தேதி சனிக்கிழமை தொடக்கம். முன் அறையில் நுகத்தடி மரத்தில் செதுக்கிய பெண் உருவங்கள். அடுத்த அறையில் நான் எடுத்த போட்டோக்கள். கடைசி அறைக்குள் ஒரு களம் போடப் போகிறேன். சாணி மெழுகி, நடுவில் ராகியைப் பொலியாகக் குவிப்பேன். அறை முழுவதுமே ஒரு சிற்பம். கேலரி மேடம் இதை இன்ஸ்டலேஷன் என்கிறார்.

கடை ராகி வேண்டாம், நம் நிலத்து ராகி வேண்டும். அண்ணனிடம் எப்படிக் கேட்பேன்? கோயிலில் என் கல்யாண அறிவிப்பு ஓலையை இரண்டு ஞாயிறு வாசித்த பிறகு மாப்பிள்ளை வேண்டாம் என்று பஸ் ஏறி வந்தவள் நான். ஊர் முன்னால் தலை குனிந்தவர் அவர். கல்லறைத் திருநாளுக்கு நான் ஊருக்கு வந்தபோதும் என்னைக் கண்டதும் திரும்பிக்கொண்டார். அந்த முதுகைத்தான் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். அவர் வந்து ஒரு வார்த்தை பேசினால் போதும் அண்ணி, எனக்கு வேறு பரிசே வேண்டாம்.

உங்கள் பிரியமுள்ள நாத்தனார்,
ரோசம்மா

சூசையூர், அரூர் தாலுகா
3-1-87

மரியே வாழ்க

கண்ணு ரோசம்மாவுக்கு அண்ணியின் ஆசீர்.

உன் கடிதத்தை அடுப்படியில் நின்றே படித்தேன், களி அடிபிடித்துவிட்டது. அந்தப் பழியும் உன் மேல்தான்!

உங்கண்ணன் அரூர் சந்தைக்குப் போன நேரம் பார்த்து, புளி ஏற்றிப்போகும் கிருஷ்ணப்பன் லாரியில் ராகி மூட்டைகளை ஏற்றிவிட்டேன். இந்தக் கடிதமும் கிருஷ்ணப்பன் கையில்தான் வருகிறது. உங்கண்ணன் கேட்டால் என்ன சொல்வேனோ, மாதாதான் காப்பாற்ற வேண்டும். உன் பேச்சை எடுத்தாலே, "எனக்கு ஏது தங்கச்சி?" என்கிறார். சொல்லிவிட்டு அன்று சாப்பாட்டில் பாதியை மிச்சம் வைக்கிறார். எனக்குத் தெரியாதா?

இப்படிக்கு,
வேளாங்கண்ணி

பெங்களூர்
6-1-87

அன்பு அண்ணிக்கு,

மூட்டைகள் வந்தன! அவிழ்த்ததும் நம் வீட்டு வாசம் அடித்தது. சிமெண்ட் தரையில் சாணி மெழுகினேன். மேடம் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடினார், மறுநாள் அவரே வந்து, "நல்லாத்தான் இருக்கு" என்றார். பொலி குவித்து, மேலே சாம்பலால் சிலுவை போட்டு, பக்கத்தில் ராகி அளக்க மர வள்ளம் ஒன்றும் வைத்துவிட்டேன். தூக்கமே வரவில்லை அண்ணி. அண்ணனை எப்படியாவது அனுப்புங்கள்.

ரோசம்மா

சூசையூர்
9-1-87

கண்ணு,

அகப்பட்டுக்கொண்டேன். மூட்டை குறைந்ததைப் பார்த்துவிட்டார். பொய் சொல்ல வாய் வரவில்லை, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "திங்கற ராகியக் கொட்டி வேடிக்க காட்டறாளா? நானே போயி அள்ளிக்கிட்டு வூடு வந்து சேர்றேன்" என்று காலி சாக்குகளை மடித்துக் கட்டி வைத்திருக்கிறார். நாளை முதல் பஸ்ஸுக்குக் கிளம்புகிறார். இந்தக் கடிதம் வந்து சேர்வதற்குள் அவரே வந்துவிடுவார். எதிர்த்துப் பேசிவிடாதே, தாயே.

வேளாங்கண்ணி

பெங்களூர்
12-1-87

என் தங்க அண்ணி,

உங்கள் கடிதம் இன்றுதான் வந்தது! உங்கள் புருஷன் சனிக்கிழமையே வந்துவிட்டார்.

கூட்டமான கூட்டம். திடீரென்று கடைசி அறையில் ஒரு அதட்டல். "களத்துல செருப்போட நிக்கறீங்களே, கழட்டுங்க மொதல்ல!" ஓடிப்போய்ப் பார்த்தால், அக்குளில் சாக்குக் கட்டோடு அண்ணன். மேடம் முதற்கொண்டு எல்லாரும் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். போச்சு, இப்போது அள்ளப்போகிறார் என்று சுவரோடு ஒட்டி நின்றேன்.

பொலியைப் பார்த்தார், சிலுவையைப் பார்த்தார். சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துச் சத்தம் போட்டார்: "ஏம்மா, களத்துக்கு இத்தன சனம் வந்து நிக்குது. வெறுங்கையோடவா அனுப்புவ? நம்ம வூட்டு மானம் என்னாவறது?"

ஏம்மா என்றார், அண்ணி! நம்ம வூடு என்றார்!

சாக்கைக் கீழே போட்டு, வள்ளத்தை எடுத்து, களத்து வழக்கப்படி ஒன்று என்பதற்குப் பதில் "லாபம்" என்று முதல் வள்ளத்தை அள்ளினார். கர்ச்சீப்பில் வாங்கினார்கள், முந்தானையில் வாங்கினார்கள். ஒரு வெள்ளைக்காரர் தொப்பியை நீட்டினார். "அண்ணா, இது பத்து நாள் காட்சிங்ண்ணா!" என்றேன். யார் காதில் விழுகிறது? "யாருங்க நீங்க?" என்று ஒருவர் கேட்டதற்கு, "இவ அண்ணன். சவரிமுத்து" என்றார். நான் அங்கேயே அழுதுவிட்டேன்.

இருட்டுவதற்குள் பொலி காலி. மேடம் தலையில் கை வைத்துக்கொண்டார். மெழுகிய தரையும் சிந்திய ராகியும் அத்தனை பேர் கால் தடமும்தான் மிச்சம். "அப்படியே விடுங்க மேடம், களம்னா கடைசியில இப்படித்தான் இருக்கும்" என்றேன். நேற்று அதைப் பார்க்கவும் கூட்டம்!

போகும்போது அந்தப் போட்டோ முன்னால் வெகுநேரம் நின்றார். "இது யாரு முதுகு?" என்றார். "உங்களுதுதாண்ணா." "ஏன், மூஞ்சி நல்லா இல்லையா?" "நீங்க காட்டலையேண்ணா" என்றேன். சாக்கை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார். கோபமா அண்ணி? உடனே எழுதுங்கள்.

ரோசம்மா

சூசையூர்
18-1-87

மரியே வாழ்க

கண்ணு ரோசம்மாவுக்கு,

மனுஷன் காலி சாக்கோடுதான் வந்து இறங்கினார். "ராகி எங்கங்க?" என்றேன். "களத்துக்கு வந்தவங்களுக்குப் போட்டுட்டேன்" என்று கை கால் கழுவப் போய்விட்டார். அன்று தட்டில் மிச்சமில்லை.

இன்று பூசை முடிந்ததும் மதலைமுத்து, அதுதான் நீ வேண்டாம் என்ற மாப்பிள்ளையின் சித்தப்பா, எல்லார் முன்னாலும், "உன் தங்கச்சி பெங்களூர்ல என்னப்பா பண்றா?" என்று குத்தினார். உங்கண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டு, "களம் போட்டா. பெங்களூரே வந்துச்சு. நீதான் வரல" என்றாரே பார்க்கலாம்!

வீட்டுக்கு வந்ததும் பாதிரியார் வீட்டில் நாற்காலி இரவல் வாங்கி வாசலில் போட்டார். சவரம் செய்து, எங்கள் கல்யாணச் சட்டையைப் போட்டு, தெருவைப் பார்த்து நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார். "என்னங்க இது?" என்றேன்.

"ரோசா போட்டோப் பொட்டியோட எப்ப வருவான்னு எழுதிக் கேளு. வெயில் மூஞ்சில விழற நேரமா வரச் சொல்லு."

வா கண்ணு.

உன் அண்ணி,
வேளாங்கண்ணி