இரு தரப்பினரும்

ஜூன் 3, 2025, செவ்வாய்

ஆரணிக்குக் குடிவந்து இன்றோடு ஒரு மாதம். காலையில் நெசவுக்காகத் தெரு நீளத்துக்குப் பாவு நூல் விரித்துப் போட்டிருந்தார்கள். கட்சிக்காரர் ஜெகநாதனின் கார் உள்ளே வர முடியவில்லை. முனையிலேயே இறங்கி வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார். பட்டு வியாபாரி. இந்த மாவட்டத்தில் அவர் கை காட்டுகிற ஆளுக்குத்தான் எம்.எல்.ஏ. சீட்டு.

“இருவத்தாறு வருஷம் ஐ.நா.வுல இருந்துகினு எத்தினி சண்டைய நிறுத்தியிருக்கீங்க! இது பொதுத் தொகுதிங்க. காலனியில பொறந்தவரு, ஆனா எல்லாத் தெருவும் ஏத்துக்கணும். அந்த மாதிரி ஆளு நீங்க ஒருத்தர்தான்.”

நிறுத்தினேனா? தெற்கு சூடானில், ஜூபாவில் நான் எழுதிக் கொடுத்த ஒப்பந்தங்களில் பாதி ஒரு மழைக்காலம்கூடத் தாங்கவில்லை. அதை அவரிடம் சொல்லவில்லை. ஆசை வந்துவிட்டது. அறுபத்தோரு வயதில், வெட்கமே இல்லாமல்.

ஜூன் 20, வெள்ளி

சர்க்கரை 212. சோற்றைக் குறைக்கச் சொல்கிறார்கள். பார்க்கலாம்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

சந்தவாசல் பக்கத்தில் எங்கள் ஊரிலிருந்து போன். சின்னபொண்ணு பெரியம்மா தவறிவிட்டார். சுடுகாட்டுக்குப் பெரிய தெரு வழியாக எடுத்துப் போகும்போது அந்தத் தெருக்காரர்கள் கல் வீசியிருக்கிறார்கள். பாடை நடுத்தெருவில் நிற்கிறது. மகன் ஜீவானந்தத்துக்கு நெற்றியில் ஏழு தையல். ஆரணியில் பவர்லூம் ஓட்டுகிறவன், எனக்குத் தம்பி முறை.

ஏரிக்கரை வழியாகச் சுற்றிப் போகச் சொல்கிறார்களாம். தையல் போட்டு முடித்ததும் அவன் ஓடி வந்து ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டானாம். “எங்கம்மா இந்த ரோட்டுலதான் போவும்.”

கிளம்புகிறேன்.

ஆகஸ்ட் 13, புதன்

முடித்துவிட்டேன்!

தாலுகா ஆபீஸில் சமாதானக் கூட்டம். பெரிய தெருக்காரர்கள் ஓர் அறையில், நம் ஆட்கள் ஓர் அறையில். நடுவில் நான் காலையிலிருந்து நடை. ஜூபாவில் செய்ததைத்தான் இங்கேயும் செய்தேன். நடு நாற்காலியில் உட்கார வேண்டும். யார் பெயரும் வரக் கூடாது. செய்தது யார் என்று காட்டாத மாதிரி வாக்கியம் அமைக்க வேண்டும். அடக்கம் முதலில், நியாயம் பிறகு.

ஐந்து மணிக்குத் தாள் தயார். முக்கியமான வரி நான் சொல்லச் சொல்ல எழுதியது: “இரு தரப்பினருக்கும் இடையே ஏற்பட்ட மோதலில் இரு தரப்பிலும் வருந்தத்தக்க செயல்கள் நடந்தன.”

ஜீவானந்தம் அதை இரண்டு தடவை படித்தான்.

“கல்லு ஒரு பக்கமிருந்துதான வந்துச்சி, அண்ணா? நாங்க பாடைய தூக்கிகினு இருந்தோம். எங்க கையில கல்லு ஏது?”

“இது சும்மா ஒரு பேப்பர், தம்பி. அம்மாவ மொதல்ல அடக்கம் பண்ணலாம். கேஸ் தனியா நடக்கும். நான் இருக்கேன் இல்ல?”

கையெழுத்துப் போட்டுவிட்டான். ஒன்றரை நாள் நடுத்தெருவில் பிரீசர் பெட்டியில் கிடந்த பெரியம்மா, பொழுது சாயும் நேரத்தில் போலீஸ் காவலோடு அதே பெரிய தெரு வழியாகப் போனார். இரண்டு பக்கமும் கதவுகளைச் சாத்திக்கொண்டிருந்தார்கள். நான் அழுதேன். துக்கம் பாதி, பெருமை பாதி.

ஆகஸ்ட் 14, வியாழன்

பேப்பரில் என் படம். ஜெகநாதன் நான்கு பிரதி வாங்கி அனுப்பியிருக்கிறார்.

அக்டோபர் 9, வியாழன்

ஜீவானந்தத்தைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். லூம் ஓடிக்கொண்டிருக்கும்போதே.

பெரிய தெரு ஆள் ஒருவருக்கு மண்டை உடைந்ததாம், இவன்தான் அடித்தானாம். கொலை முயற்சி வழக்கு. இரண்டு மாதம் கழித்து! ஸ்டேஷனுக்கு ஓடினேன். இன்ஸ்பெக்டர் மரியாதையாக நாற்காலி போட்டார். ஃபைலைத் திறந்து என் வரியை என்னிடமே படித்துக் காட்டினார்.

“ரெண்டு பக்கமும் நடந்துச்சின்னு நீங்கதான சார் எழுதிக் குடுத்தீங்க? அப்ப ரெண்டு பக்கமும் கேஸ் போட்டாத்தான சார் நியாயம்?”

அய்யோ. நான்தான எழுதினேன். ஒருத்தரும் கழுத்தப் பிடிச்சி எழுத வைக்கலியே.

அக்டோபர் 13, திங்கள்

வக்கீல் சிவசங்கரியைப் பார்த்தேன். சின்ன வயது, பேச்சில் சுற்றி வளைப்பது கிடையாது.

“கல்லு வீசினது ஒரு பக்கம்தான், சமாதானத்துக்காக அப்படி எழுதினேன்னு நீங்க ஒரு பிரமாணப் பத்திரம் குடுங்க. எதிர்க்கேஸ் நிக்காது. அவர் ஜாமீன்ல வந்துடுவாரு.”

தருகிறேன் என்றேன்.

அக்டோபர் 15, புதன்

எப்படி என்று தெரியவில்லை, பத்திர விஷயம் ஜெகநாதன் காதுக்குப் போய்விட்டது.

“குடுங்க, நான் வேணாங்கல. வேட்பாளர் பட்டியல் வரட்டும். இப்பவே ஒரு பக்கம் சாஞ்சிட்டாருன்னு ஆயிட்டா பேஜாரு. எம்.எல்.ஏ.வா குடுத்தா அதுக்கு மரியாதையே வேற இல்லியா?”

அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இருக்கிறதா?

நவம்பர் 14, வெள்ளி

பத்திரம் தட்டச்சாகி மேசையில் இருக்கிறது. இன்றும் கையெழுத்துப் போடவில்லை.

டிசம்பர் 7, ஞாயிறு

ஜீவானந்தத்தின் மனைவி திலகவதி வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. அவனுக்கு ஜெயிலில் காய்ச்சல், லூம் வேலைக்கு வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள் என்றாள்.

நான் நேரம் பார்த்துச் செய்ய வேண்டியதைப் பற்றி விளக்கினேன். அதில் நான் கெட்டிக்காரன். பொறுமையாகக் கேட்டாள்.

“ஒரு கையெழுத்துதானங்க. அன்னிக்கு நீங்க சொன்னதும் அவரு ஒரு நிமிஷத்துல போட்டாரே.”

டீயைக் குடிக்காமல் போய்விட்டாள்.

ஜனவரி 19, 2026, திங்கள்

பொங்கல் முழுக்க அவள் முகம்தான். இன்று காலையில் கையெழுத்துப் போட்டேன். சீட்டு போனால் போகட்டும். நானே எடுத்துக்கொண்டு சிவசங்கரி ஆபீஸுக்குப் போனேன். அவள் தாளைக் கையில் வாங்கவே இல்லை.

“பொங்கலுக்கு முன்னாடியே முடிஞ்சிடுச்சி சார். ஜீவானந்தம் கல் வீச்சுப் புகாரை வாபஸ் வாங்கிட்டாரு. இனிமே சாவு எடுத்தா ஏரிக்கரை வழிதான்னு காலனிக்காரங்க எழுதிக் குடுத்துட்டாங்க. பெரிய தெருக்காரங்களும் ஜாமீனுக்கு எதிர்ப்பு சொல்லல. நாளைக்கு வெளிய வந்துடுவாரு.”

எனக்கு முதலில் வந்தது நிம்மதி. அதை இங்கேயாவது எழுதித்தான் ஆக வேண்டும். பத்திரம் வெளியே போகவில்லை, யாருக்கும் தெரியாது என்ற நிம்மதி. வெட்கம் பிறகுதான் வந்தது, பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்து வரும்போது. த்தூ.

மார்ச் 17, செவ்வாய்

பட்டியல் வந்தது. என் பெயர் இருக்கிறது.

மார்ச் 29, ஞாயிறு

எங்கள் ஊரில் பிரச்சாரம். பெரிய தெருவில் ஆளுயர மாலை, பட்டாசு. கல் வீச்சு வழக்கிலிருந்த ஒருவர் எனக்குச் சால்வை போட்டார். குனிந்து வாங்கிக்கொண்டேன்.

காலனியில் யாரும் திட்டவில்லை. வாசலில் நின்றார்கள். ஜீவானந்தம் வேன் பக்கத்தில் வந்தான். பாதியாக இளைத்திருக்கிறான். மைக்கை அணைக்கச் சொன்னேன்.

“சண்டைக்கு வரலீங்க. எங்க மாமனாரு இன்னிக்கோ நாளைக்கோன்னு கெடக்கறாரு. ஏரித் தண்ணி இன்னும் வத்தல, கரையில முழங்கால் சேறு, பாடை தூக்க முடியாது. எந்த வழியா எடுத்துகினு போறதுன்னு நீங்களே சொல்லிட்டுப் போங்க.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இங்கே நடு நாற்காலி இல்லை.

“தேர்தல் முடியட்டும். இரண்டு தரப்பையும் உட்கார வைத்துப் பேசலாம்” என்றேன்.

அவன் தலையாட்டிவிட்டு ஒதுங்கி வழிவிட்டான். வேன் கிளம்பியது. ஜெகநாதன் என் தோளைத் தட்டினார்.

“நல்லா சமாளிச்சீங்க.”

நன்றி என்றேன்.